ஜாக்கெட் எங்கே பிடிக்கிறது? சுருக்கத்தைப் பார்த்து பேப்பர் கட்டிங்கைத் திருத்தும் வழி

"சைடுல கொஞ்சம் பிரிச்சு விட்டுர்றேன்மா, சரியாயிடும்."

எங்கள் தெருமுனை டெய்லர் அண்ணன் எந்தக் குறைக்கும் சொல்லும் மருந்து இது ஒன்றுதான். கை தூக்க முடியவில்லையா, சைடு. கொக்கிக்கு நடுவே பிளக்கிறதா, சைடு. கழுத்து வாய் விட்டு நிற்கிறதா, அதற்கும் சைடில்தான் கை வைப்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வரிசையாகத் துணி காத்துக் கிடக்கும்போது நம் ஒருத்தியின் தோளை உட்கார்ந்து ஆராய அவருக்கு ஏது நேரம்?

வீட்டில் தைக்கிற நமக்கு அந்த நேரம் இருக்கிறது. ஆனால் நாமும் அதையேதான் செய்கிறோம்: தைத்து முடித்து, போட்டுப் பார்த்து, பிடித்தால் சைடைப் பிரிக்கிறோம். அடுத்த ஜாக்கெட்டிலும் அதே இடம் பிடிக்கும். காகிதம் அப்படியே இருக்கும்போது துணி மட்டும் எப்படி மாறும்? அதனால் இங்கே ஒவ்வொரு குறைக்கும் கை வைக்கப்போவது பேப்பர் கட்டிங்கில், அதாவது துணியின்மேல் வைத்து வெட்டும் காகித வடிவத்தில். எடுத்துக்கொண்டிருப்பது நாலு டாட் (வளைவு வர, துணியை ஆப்பு வடிவில் மடித்துத் தைக்கும் இடம்), கீழ்ப்பட்டி, முன்பக்கம் கொக்கி என்று நம் ஊரில் தைக்கும் சாதாரண சேலை ஜாக்கெட். உங்கள் குறை எதுவோ நேராக அந்தத் தலைப்புக்குப் போகலாம், ஆனால் இந்த அடுத்த பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

கத்தரியைத் தொடுவதற்கு முன்

காகிதத்துக்கு மாதக் காலண்டர் தாள்தான் என் விருப்பம். செய்தித்தாள் கிழிகிறது, மை ஒட்டுகிறது. காலண்டர் தாள் கெட்டியாக இருக்கும், பின்பக்கம் வெள்ளையாகவும் இருக்கும். அத்துடன் பென்சில், ஸ்கேல், இன்ச் டேப், செலோ டேப்.

பேப்பர் கட்டிங் இல்லாதவர்கள், சுமாராகப் பொருந்தும் பழைய ஜாக்கெட் ஒன்றைப் பலி கொடுங்கள். முழுதாகப் பிரிக்க வேண்டாம். வலப்பக்கத்தை மட்டும் பிரித்து, இடப்பக்கம் தைத்தபடியே இருக்கட்டும். எது எதோடு எப்படிச் சேர்ந்தது என்று நடுவில் மறந்துபோகும்போது அந்த மிச்சப் பாதிதான் கை கொடுக்கும். பிரித்த துண்டுகளை இஸ்திரி போடும்போது இழுத்துத் தேய்க்காதீர்கள். கிராஸாக, அதாவது நூல் ஓட்டத்துக்குக் குறுக்குச் சாய்வாக, வெட்டிய துண்டு நீண்டுவிடும். பெட்டியை வைத்து வைத்து எடுங்கள்.

சோதனைத் துணிக்கு அலையவே வேண்டாம். கொலுவுக்குப் போன வீடுகளில் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுத்த ஜாக்கெட் பிட்டுகள் எல்லார் பீரோவிலும் ஒரு கட்டு இருக்கும். யாரும் தைத்துப் போடாமல், அடுத்த நவராத்திரிக்கு வேறு வீட்டுக்குப் பயணம் போகும் பிட்டுகள். அவற்றின் பயணத்தை உங்கள் வீட்டோடு முடித்துவையுங்கள். பழைய வேட்டியும் நல்லதுதான், பாவு நூல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைக் கரையே காட்டிவிடும்.

போட்டுப் பார்க்கும்போது, வழக்கமாகப் போடும் உள்ளாடையையே போடுங்கள். கொக்கி எல்லாவற்றையும் மாட்டி, மூச்சை இழுத்துப் பிடிக்காமல், கையைத் தொங்கவிட்டு நில்லுங்கள். முதுகுப் பக்கத்தை வீட்டில் யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடியைப் பார்க்கத் திரும்பினாலே சுருக்கம் இடம் மாறிவிடும்.

இனி சுருக்கத்தைப் படிப்பது. குறுக்கே விறைப்பாக ஓடினால் அந்த இடத்தில் அகலம் போதவில்லை. தளர்ந்து மடிப்பாகத் தொங்கினால் துணி மிச்சம். சாய்வாக விறைத்து ஓடினால் அதன் ஒரு முனை பிடிக்கிற இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்த முனை எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போங்கள்.

ஒரு கணக்கு. சைடு ஓரம் என்பது நான்கு இடம்: முன்பாகம் இரண்டு, பின்பாகம் இரண்டு. காகிதத்தில் முன், பின் துண்டுகளின் சைடில் கால் இன்ச் கூட்டினால் உடம்பில் அது ஒரு இன்ச். டாட்டிலோ கழுத்திலோ கால் இன்ச் எடுத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து அரை இன்ச். இதை மறந்து அரை இன்ச் கூட்டிவிட்டு "ஐயோ, தொளதொளவென்று ஆகிவிட்டதே" என்று நின்றவள் நான்.

கொக்கிக்கும் கொக்கிக்கும் நடுவே பிளக்கிறது

முன்பக்கத்தில் பாயிண்டிலிருந்து பாயிண்டுக்கு (மார்பின் உச்சியைத்தான் பாயிண்ட் என்கிறோம்) குறுக்கே விறைப்பான கோடுகள், கொக்கிப் பட்டி நடுவில் வாய் பிளந்து பின்னூசி குத்த வேண்டிய நிலை. பல பேருக்கு இதோடு சேர்ந்து கீழ்ப்பட்டியும் மேலே ஏறி மார்பின் அடியில் போய் உட்காரும். இரண்டும் ஒரே குறையின் இரண்டு முகம்.

முதலில் சைடு தையலைப் பாருங்கள். அக்குளுக்கு நேர் கீழே செங்குத்தாக இறங்குகிறதா, முன்பக்கமாக இழுபடுகிறதா? முன்பக்கம் இழுபட்டால் முதுகில் துணி போதுமானதாக இருக்கிறது, பற்றாக்குறை முன்பாகத்தில் மட்டும். இங்கே சைடைப் பிரித்துவிட்டால் முதுகும் இடுப்பும் தேவையில்லாமல் லூஸாகும், மார்பில் ஏதோ சுமாராக இருக்கும்.

எவ்வளவு போதவில்லை என்று தெரிய, நடுக் கொக்கிகளைக் கழற்றிவிட்டுத் துணி இழுபடாமல் படுக்கும்படி விடுங்கள். இரண்டு பட்டிக்கும் இடையே உள்ள தூரத்தை அளங்கள். ஒரு இன்ச் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு அரை இன்ச் கூட்ட வேண்டும்.

முன்பாகக் காகிதத்தில், கீழ் டாட்டின் நடுவிலிருந்து பாயிண்ட் வரை நேராக ஒரு கோடு போடுங்கள். அங்கிருந்து திரும்பி, கைக்குழி டாட்டுக்குச் சற்றுக் கீழே கைக்குழி ஓரம் வரை கோட்டை நீட்டுங்கள். இன்னொரு கோடு, சைடு டாட்டின் நடுவிலிருந்து பாயிண்டுக்கு. முதல் கோட்டைக் கீழிருந்து வெட்டிக்கொண்டு போய், கைக்குழி ஓரத்தில் ஒரு நூல் அளவு காகிதத்தை மிச்சம் விட்டு நிறுத்துங்கள். அது கதவுக் கீல் மாதிரி. சைடு டாட் கோட்டையும் பாயிண்டுக்கு ஒரு நூல் முன்பு வரை வெட்டுங்கள். இப்போது சைடுப் பக்கத் துண்டைப் பிடித்து வெளியே நகர்த்தினால் பாயிண்டில் இடைவெளி திறக்கும். அது அரை இன்ச் ஆகும்வரை, கீழே உள்ள இரண்டு வெட்டு ஓரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்படி நகர்த்துங்கள். சைடு டாட் தானாகக் கொஞ்சம் விரியும். அடியில் வேறு காகிதம் வைத்து டேப் ஒட்டுங்கள்.

இப்போது கொக்கிப் பட்டிப் பக்கத் துண்டு மட்டும் கீழே குட்டையாகத் தெரியும். அதைக் குறுக்கே வெட்டி, மற்றதோடு சமமாகும் வரை இறக்கி ஒட்டுங்கள். பட்டி ஏன் மேலே ஏறியது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. அகலம் மட்டும் அன்றி நீளமும் போதாமல் இருந்திருக்கிறது. கடைசியாக டாட்டுகளைப் புதிதாக வரையுங்கள். கீழ் டாட்டும் சைடு டாட்டும் முன்பைவிட அகலமாக இருக்கும், இருக்கட்டும். கழுத்து, தோள், கைக்குழி, கீழ்ப்பட்டி எதுவும் மாறவில்லை, கவனித்தீர்களா? அதனால் கையை மறுபடி வெட்டவேண்டிய வேலையும் இல்லை.

முதல் தடவை இதைச் செய்ய எனக்கு ஒரு மதியம் முழுக்கப் போனது. இப்போது குக்கர் விசில் வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

டாட் முனை குத்திக்கொண்டு நிற்கிறது

இரண்டு காரணம். ஒன்று, பாயிண்ட் தப்பான இடத்தில் இருக்கிறது. தோளின் மேலிருந்து பாயிண்ட் வரை டேப்பால் அளந்து, காகிதத்தில் அதே தூரம் இருக்கிறதா பாருங்கள். பாயிண்டுக்குப் பாயிண்ட் உள்ள தூரத்தில் பாதியை, முன் நடு ஓரத்திலிருந்து ஒப்பிடுங்கள். வயதோடு பாயிண்ட் கீழே இறங்கும். கல்யாணத்தின்போது எடுத்த அளவை வைத்து இன்னும் தைத்துக்கொண்டிருந்தால் டாட் எல்லாம் அரை இன்ச், முக்கால் இன்ச் மேலே குறிவைத்துக்கொண்டிருக்கும். இறக்குவதற்கு டாட்டை அழித்து வரைய வேண்டியதில்லை. டாட் முனைகளைச் சுற்றி ஒரு சதுரம் வரைந்து, அதை வெட்டி அப்படியே கீழே நகர்த்தி ஒட்டி, கால்களை மட்டும் ஓரத்தோடு சேர்த்துக் கோடு போட்டால் போதும்.

இன்னொரு காரணம் தையல். டாட்டைப் பாயிண்ட் வரை தைக்கக் கூடாது. முக்கால் இன்ச் முன்பே முடிய வேண்டும். கடைசி மூன்று நான்கு தையல் மடிப்பு ஓரத்தை ஒட்டியே ஓடட்டும். அங்கே ரிவர்ஸ் போட்டால் முடிச்சு மாதிரி திரளும். நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சுப் போடுங்கள். துண்டைச் சுருட்டி வைத்து அதன்மேல் இஸ்திரி போடுங்கள். தட்டையான மேசையில் போட்டால் இவ்வளவு நேரம் வரவழைத்த வளைவு போய்விடும்.

குனிந்தால் முன் கழுத்து வாய் விடுகிறது

காகிதத்தைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. தைத்த கழுத்து ஓரத்தை டேப்பால் அளங்கள், பிறகு காகிதத்தின் கழுத்து ஓரத்தை அளங்கள். துணி நீளமாக இருந்தால் காகிதம் நிரபராதி. பைப்பிங் (ஓரத்தில் வைத்துத் தைக்கும் மெல்லிய பட்டை) வைக்கும்போது கழுத்தை இழுத்துத் தைத்திருக்கிறீர்கள். அடுத்த முறை, வெட்டியவுடன் கழுத்து ஓரத்தில் ஒரு வரி தையல் ஓட்டிவிட்டு, அப்புறம் பைப்பிங்கைத் தொடுங்கள்.

இரண்டும் சமம் என்றால் கழுத்தில் உண்மையிலேயே துணி அதிகம். போட்டுக்கொண்டே தொங்குகிற மிச்சத்தை விரலால் கிள்ளிக் குண்டூசி குத்துங்கள். கால் இன்ச் என்று வந்தால், காகிதத்தில் கழுத்து ஓரத்தில் கால் இன்ச் அகலமாகத் தொடங்கி பாயிண்டில் ஒன்றுமில்லாமல் முடியும் ஆப்பு வடிவம் ஒன்றை வரையுங்கள். அதை மடித்து மூடினால் காகிதம் குடை மாதிரி எழும்பும். கீழ் டாட்டின் நடுவை வெட்டிவிட்டால் படுத்துவிடும். கழுத்தில் எடுத்த துணி அப்படியே கீழ் டாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மடித்ததில் கழுத்து வளைவு உடைந்திருக்கும், அதை வழித்து வரைந்துகொள்ளுங்கள்.

தோள் வழுக்கி இறங்குகிறது

பின் கழுத்து ஒன்பது பத்து இன்ச் இறக்கம் வைக்கிற காலம் இது. முதுகில் பிடித்துக்கொள்ளத் துணியே இல்லாதபோது தோள் வழுக்கத்தான் செய்யும். இதற்குக் குஞ்சம் வைத்த கயிறு கட்டுவது பேண்டேஜ் போடுகிற மாதிரி. அழகுக்குக் கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இறக்கம் கூடக் கூட, கழுத்து அகலத்தைக் குறைக்க வேண்டும். முன், பின் இரண்டு துண்டிலும் தோளில் கழுத்து ஓரத்தைக் கால் இன்ச் முதல் அரை இன்ச் வரை உள்ளே கொண்டுவாருங்கள்.

அதன் பிறகும் வழுக்கினால் தோள் சரிவு காரணமாக இருக்கலாம். தோள் நுனியில் துணியைக் கிள்ளிப் பாருங்கள். மிச்சம் கையில் வந்தால், காகிதத்தில் தோள் நுனியை அந்த அளவு இறக்குங்கள், கழுத்துப் பக்கம் அப்படியே இருக்கட்டும். கைக்குழியின் அடியையும் அதே அளவு இறக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் குழி சிறுத்து வேறு இடத்தில் பிடிக்கும். ஒரு பக்கத் தோள் மட்டும் இறங்குவது சகஜம். அவர்களுக்கு இடது, வலது தனித்தனிக் காகிதம்தான் வழி.

கை தூக்கினால் ஜாக்கெட்டே மேலே வருகிறது

பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் இடுப்பு தெரிகிறது. மேல் ஷெல்ஃபிலிருந்து டப்பாவை எடுத்தால் கீழ்ப்பட்டி எங்கோ போய் நிற்கிறது. கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது எல்லாம் ஒழுங்கு.

இந்த ஒன்றில் நான் தொடர்ந்து மூன்று ஜாக்கெட்டைக் கெடுத்திருக்கிறேன். அக்குளில் பிடிக்கிறது என்றால் கைக்குழி சின்னது என்றுதானே தோன்றும்? கைக்குழியைக் கால் இன்ச் தோண்டினேன். அடுத்தது இன்னும் மோசம். மறுபடி கால் இன்ச் தோண்டினேன். மூன்றாவது ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தலை பின்னக்கூட முடியவில்லை.

காரணம் எளிது, தலைகீழாக இருப்பதால்தான் பிடிபடவில்லை. கையைத் தூக்கும்போது இடுப்பிலிருந்து முழங்கை வரை உள்ள பக்கவாட்டுத் தூரம் நீள்கிறது. அந்த நீளத்துக்குத் துணி கொடுப்பது இரண்டு தையல்: உடம்பின் சைடு தையலும், கையின் அடித்தையலும். கைக்குழியைத் தோண்டத் தோண்ட இரண்டுமே குட்டையாகின்றன. கொடுக்கத் துணி இல்லாததால் ஜாக்கெட்டையே மேலே தூக்கிக்கொண்டு போகிறது கை. முளையில் கட்டிய மாட்டின் கயிற்றைச் சுருக்கிவிட்டு, ஏன் அங்கே மேயவில்லை என்று கேட்ட கதை.

அதனால் கைக்குழியை ஏற்ற வேண்டும். அக்குளுக்கும் தையலுக்கும் இடையே ஒரு விரல் அகலம் இருந்தால் போதும். காகிதத்தில் முன், பின் இரண்டு துண்டிலும் கைக்குழியின் அடியை அரை இன்ச் மேலே கொண்டுவந்து, சைடு ஓரத்தையும் அதுவரை நீட்டி, வளைவைப் புதிதாகப் போடுங்கள். கைத் துண்டில், அக்குளில் சேரும் இரண்டு மூலைகளையும் அரை இன்ச் மேலே, கால் இன்ச் வெளியே நகர்த்துங்கள். அங்கிருந்து மேல்வளைவோடு மெதுவாகச் சேருங்கள். வளைவின் உச்சியைத் தொடாதீர்கள். கை இப்போது கொஞ்சம் அகலமாகி, மேல்வளைவின் உயரம் குறைந்திருக்கும். கை அசைய இடம் கிடைப்பது இந்த மாற்றத்தால்தான்.

அடுத்தது அளவு சரிபார்ப்பது. டேப்பைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, தையல் கோட்டின் மேல் நகர்த்தி, முன், பின் கைக்குழிகளைக் கூட்டுங்கள். கையின் வளைவையும் அப்படியே அளங்கள். பருத்தியில் கையின் வளைவு கால் இன்ச் கூடுதலாக இருக்கலாம், அரை இன்ச்சும் சமாளிக்கலாம். பட்டில் அவ்வளவு அடக்க முடியாது, சுருக்கம் விழும். அதிகம் இருந்தால் வளைவைச் சற்றுத் தட்டையாக்குங்கள்.

ஏற்கெனவே தைத்துவிட்ட ஜாக்கெட்டை என்ன செய்வது என்றால், வெட்டிய துணியை ஒட்டவைக்க முடியாது. அக்குளில் இரண்டரை இன்ச் சதுரத் துண்டு ஒன்றை மூலைவாட்டில் வைத்துத் தைத்தால் பிழைக்கும். பழைய ஜிப்பாக்களில் அக்குளில் ஒரு குட்டித் துண்டு இருக்குமே, அதே வேலை. வெளியே தெரியாது, கையைத் தூக்கினால்தான் தெரியும். தூக்கத்தானே வைக்கிறோம்.

கை முறுக்கிக்கொள்கிறது

பத்தில் எட்டுக்கு, இடது கை வலது பக்கம் போய்விட்டது. கையின் முன்பக்க வளைவு பின்பக்கத்தைவிட அதிகம் குடைந்திருக்கும். வெட்டும்போதே முன்பக்கத்தில் ஒரு சின்ன வெட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இரண்டு, நூல் ஓட்டம் கோணலாக வெட்டியது. அதற்கு மருந்தில்லை, கை போனது போனதுதான்.

துவைத்தபின் சின்னதாகிவிட்டது

இதற்கும் பேப்பர் கட்டிங்குக்கும் சம்பந்தமில்லை. லைனிங்கை வெட்டுவதற்கு முன் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடவில்லை. மேல்துணி அப்படியே இருக்க, லைனிங் மட்டும் சுருங்கி இழுக்கிறது. பருத்தி மேல்துணியையும் சேர்த்து நனையுங்கள்.

பிரிண்ட் எடுத்த பேட்டர்ன் எல்லாப் பக்கமும் சிறுசாக இருக்கிறது

வெளிநாட்டு பேட்டர்னை ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து ஒட்டித் தைப்பவர்களுக்கு இது. பிரிண்டர் தாளுக்கு ஏற்றபடி படத்தைச் சுருக்கிவிடும். 100 சதவீதம் என்று வைத்து, சோதனைச் சதுரம் உள்ள பக்கத்தை மட்டும் முதலில் எடுத்து ஸ்கேலால் அளந்துவிட்டு மற்றதை எடுங்கள். அடுத்தது தையலுக்கு விடும் இடம். அமெரிக்கப் பெரிய கம்பெனி பேட்டர்ன்களில் பொதுவாக ஐந்தெட்டில் இன்ச், அதாவது 1.5 சென்டிமீட்டர், சேர்த்தே வரைந்திருப்பார்கள். பர்டா பத்திரிகைப் பேட்டர்னில் அது இருக்காது, நாம்தான் சேர்க்க வேண்டும். 1863-இல் எபனேசர் பட்டரிக் அமெரிக்காவில் அளவு வாரியாகக் காகிதப் பேட்டர்ன் விற்கத் தொடங்கிய நாளிலிருந்தே அவை சராசரி உடம்பு ஒன்றை மனதில் வைத்து வரைந்தவைதான். மார்புக்கு அவர்களுடைய வழக்கம் பி கப். அதற்கு மேலே உள்ளவர்கள் கொக்கி பிளக்கும் தலைப்புக்குத் திரும்பிப் போகவும்.

பொருத்தம் சரி, ஆனால் பார்க்க எல்லாமே ஒரே மாதிரி இருக்கிறது

இதுவும் குறைதான். சொல்லப்போனால் மற்ற குறை எல்லாம் தீர்ந்தபிறகு வருகிற குறை. உடனே போனை எடுத்து ஆயிரம் படம் பார்ப்போம், கடைசியில் வட்டக் கழுத்தே வைப்போம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை போய்வரலாம்.

அதற்கு முன் ஒரு சூத்திரம். பாயிண்டைத் தொட்டுக்கொண்டு போகும் எந்தக் கோடும் டாட்டை விழுங்கிவிடும். கைக்குழி டாட்டையும் கீழ் டாட்டையும் பாயிண்ட் வழியாக ஒரே வளைவாகச் சேர்த்து, அந்தக் கோட்டில் காகிதத்தை இரண்டாக வெட்டிவிட்டால் அதுதான் பிரின்சஸ் கட். சைடு டாட்டையும் கொக்கிப் பக்க டாட்டையும் மடித்து மூடிவிடுங்கள், அவற்றின் துணியும் அந்தக் கோட்டுக்குள் போய்விடும். பொருத்தம் மாறாது, ஜாக்கெட்டின் முகம் மாறிவிடும். அந்தக் கோடு வளைவாகத்தான் போகவேண்டும் என்று சட்டமில்லை. பாயிண்டைத் தொட்டால் சரி, முக்கால் இன்ச் தள்ளிப் போனாலும் சமாளித்துவிடும்.

இந்தச் சூத்திரத்தோடு என் அம்மாவின் காஞ்சிபுரம் சேலையைப் பிரித்துப் பார்த்தேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் சேரும் இடத்தில் கோபுரம் கோபுரமாகப் பல் வைத்த தாழம்பூ ரேக்கு. கோர்வை என்று நெசவாளர்கள் சொல்வது இந்தச் சேர்க்கையைத்தான். உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு நாடா ஓட்டி, ஊடு நூல்களைக் கோத்து நெய்வார்கள். சேலையில் நெசவு செய்கிற வேலையை ஜாக்கெட்டில் தையல் செய்யட்டுமே என்று தோன்றியது. பாயிண்ட் வழியாகக் குறுக்கே ஒரு கோடு போட்டு, டாட்டுகளை அதற்குள் மூடி, மேலே கத்தரிப்பூ நிறம், கீழே மாம்பழ மஞ்சள். ரேக்கின் பற்களை அந்தச் சேர்க்கைக் கோட்டின்மேல் கை எம்பிராய்டரியில் போட்டேன். பல்லையே தைத்துச் சேர்க்க முதலில் முயன்றேன். வேண்டாம், ஒவ்வொரு மூலையும் உயிரை வாங்கும்.

கோல நோட்டு இல்லாத வீடு குறைவு. 7 புள்ளி, 4 வரை இடைப்புள்ளிக் கோலம் ஒன்றை எடுத்துப் பாதியை மட்டும் பாருங்கள். 7, 6, 5, 4 என்று குறைந்துகொண்டே போகும் நான்கு வரிசை. பின் கழுத்து ஒன்பது இன்ச் இறங்கி, ஜாக்கெட் நீளம் பதினான்கு என்றால் கீழே ஐந்து இன்ச் துணி மிஞ்சுகிறது. புள்ளிக்குப் புள்ளி அரை இன்ச் விட்டால் மேல் வரிசை மூன்று இன்ச் அகலம், நான்கு வரிசைக்கும் ஒன்றரை இன்ச் உயரம்கூட வேண்டாம். அந்த இடத்தில் கச்சிதமாக உட்காரும். புள்ளிக்கு மணி, கோட்டுக்குச் சங்கிலித் தையல். மார்கழியில் பெரிய கோலம் போட்டு எல்லாரையும் அசத்துகிற என் அத்தை, இதைப் பார்த்துவிட்டு "முதுகுல போட்டா யாரு மிதிக்கப் போறா, அழியாது" என்றார்.

புள்ளி மட்டும் போதும், கோடு வேண்டாம் என்றால், முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் மதுரைச் சுங்குடி இருக்கிறது. சேலையில் முடிச்சுகளுக்கு நடுவே எவ்வளவு வெற்றிடம் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நாம் மணி தைக்க உட்கார்ந்தால் இடமே விடாமல் நிரப்பிவிடுவோம்.

தரையையும் விடாதீர்கள். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கும். சில டிசைன்களில் நான்கு கல் சேரும் மூலையில்தான் பூ முழுமையாகும். தனிக் கல்லில் கால் பூதான். ஜாக்கெட்டின் முன்பக்கமும் அப்படியே: வலப்பாதியில் அரைப் பூ, இடப்பாதியில் அரைப் பூ, கொக்கி மாட்டினால் முழுப் பூ. ஆனால் கொக்கிப் பட்டி ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற அகலத்தைக் கழித்து வரைய வேண்டும். நான் கழிக்காமல் வரைந்த பூவுக்கு மூன்றரை இதழ்.

வரைந்தபோது அழகாக இருந்தது, தைத்தால் கோணலாகிவிட்டது

வளைவு வளைவாகக் கழுத்து வைக்கிறவர்களின் புலம்பல் இது. பாதியில் தொடங்கி, தோளுக்கு வரும்போது கால் வளைவு மிஞ்சி நிற்கும். வரைவதற்கு முன் கணக்குப் போடுங்கள். ஐந்து இன்ச் இறக்கமுள்ள பின் கழுத்தில், பாதி ஓரம் பதினேழரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை வீதம் ஏழு வளைவு வரும். ஆனால் அப்போது நட்டநடுவில் பள்ளம் விழும். நடுவில் வளைவு வேண்டும் என்றால் ஏழரையாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் 2.3 சென்டிமீட்டர். மடிப்பு ஓரத்தில் அரை வளைவு வரும், விரித்தால் முழுசாகிவிடும். வரைவதற்குப் பத்து ரூபாய் நாணயம் போதும். அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர், வளைவின் அகலத்தைவிடச் சற்றுப் பெரியது. அதனால் ஆழமில்லாத, திருப்புவதற்கு எளிதான வளைவு கிடைக்கும். பெரிய வளைவுக்கு டம்ளர், இன்னும் பெரிதுக்கு டபரா.

தைத்தபின் இரண்டு வளைவு சேரும் பள்ளத்தில் கத்தரி நுனியால், தையலுக்கு ஒரே ஒரு நூல் மிச்சம் இருக்கும்வரை வெட்டிவிட வேண்டும். பயந்து கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தினால் அந்தப் பள்ளம் சுருங்கிக் கோணும். முக்கால்வாசிக் கோணலுக்கு இந்தப் பயம்தான் காரணம். தையல் அறுந்துவிடும் என்று நடுங்குகிறவர்கள் பள்ளங்களில் மட்டும் தையலைப் பொடியாக வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்தி முடித்த காகிதத்தில் யாருடையது, எந்த வருடம், எங்கே எவ்வளவு மாற்றியது என்று எழுதி, மூலையில் துளை போட்டு நூலில் கோத்து பீரோ கதவுக்குப் பின்னால் தொங்கவிடுகிறேன். அம்மாவுடைய தாளில் இப்போது மூன்று வருடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. கடைசி வரி போன தீபாவளிக்கு எழுதியது: "இடது தோள் இன்னும் கால் இன்ச் இறக்கம். கொக்கி வேண்டாம், பிரஸ் பட்டன் கேட்கிறாள்."